எந்த மூளையை வாங்குவது?



சாயர்புரத்திலிருந்து ஒருவன் கணிப்பொறியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். வாழையும் பனையும் சூழ்ந்த ஊர் எங்களுடையது. 1842-ஆம் ஆண்டு ஜி.யு. போப் இங்கு வந்து கல்விச்சாலை அமைத்த காலந்தொட்டுப் படிப்புக்குப் பெயர்பெற்ற ஊர். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பேருந்தில் போய் அன்றே திரும்பிவிடலாம். வளைகுடா நாட்டில் 11 ஆண்டுகள் உழைத்துவிட்டு 2014-ல் ஊர் திரும்பிய நான், ஒரு காமிராவையும் ஒரு கணிப்பொறியையும் முதலாகப் போட்டு, கல்யாணப் படம் எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினேன். உள்ளூரில் தேவாலயத் திருமணங்களே மிகுதி. நிக்காஹ்களுக்குக் காயல்பட்டினம், தூத்துக்குடி என்று போய்வருவேன். எல்லாச் சமூகத்தாரின் மகிழ்ச்சியிலும் ஓரமாக நின்று சோறு உண்டவன் நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

நான் சொல்ல வந்தது சென்ற 2025-ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் வீட்டில் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றியதாகும். புதிய கணிப்பொறிக்கு எந்த பிராசஸரை வாங்குவது? கணிப்பொறியின் மூளை என்று சொல்லப்படும் அந்தச் சிறு சில்லு, ஒரு பிஸ்கட் அளவுகூட இராது. அதற்காக எங்கள் வீட்டில் நான்கு நாள்கள் யாரும் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை என்றால் நம்புவீர்களா?

என்னிடம் இருந்தது 2015-ல் வாங்கிய நான்காம் தலைமுறை ஐ7. கோர் என்னும் வேலையாள் நான்கு பேர் அதற்குள் உண்டு. பத்தாண்டுகள் முறையாக உழைத்தது. அதன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் புதிய காமிரா வாங்கிய பிறகு, இஷாத் தொழுதுவிட்டு ஒரு திருமணப் படத்தை ஏற்றினால் சுபுஹு பாங்கு சொல்லும்போதுதான் முடியும் என்னும் நிலை வந்தது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11-ஓ எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசஸர்களைப் பெரும்பாலும் முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதே கணிப்பொறியில் பகலில் என் தொழில் நடக்கும்; இரவில் என் மகன் விளையாடுவான். கல்லூரியில் படிக்கும் பிள்ளை. கெட்ட சகவாசம் கிடையாது, வீண்செலவு கிடையாது. இந்த விளையாட்டு ஒன்றுதான். அதை நான் தடுத்ததில்லை. அவன் ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்தான். தலைப்பில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 9 9950எக்ஸ்3டி. 2025 மார்ச்சில் வெளிவந்தது, 16 கோர், அமெரிக்க விலை 699 டாலர். அதற்குத் தக்க மதர்போர்டு, நீர் ஓடும் குளிர்விப்பான், 1000 வாட் எஸ்.எம்.பி.எஸ்., கண்ணாடிக் கேபினெட் என்று கூட்டினால் 1,84,000 ரூபாய்.

என் கையிருப்பு 1,90,000. அதில் 62,000 மகளுடைய கல்லூரிக் கட்டணம். அவள் அவ்வாண்டுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள்.

“வாப்பா, வாங்குறதுதான் வாங்குறோம், உச்சியில உள்ளதையே வாங்கிருவோம். அஞ்சாறு வருஷத்துக்குக் கவலை இல்ல. ஃபீஸுக்குக் கொஞ்சம் கடன் வாங்கிக்கலாமே” என்றான் மகன்.

மகள் சமையற்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “காக்கா கேக்குறதையே வாங்கிக் குடுங்க வாப்பா. நான் ஒரு வருஷம் வீட்டுல இருந்து தையல் படிச்சிக்கிறேன்” என்றாள். சண்டைக்காக அவள் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எங்கள் மூவரையும் சுட்டது. என் மனைவி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, “இந்த வீட்டுல விட்டுக் குடுக்குறது மட்டும் பொம்பளப் புள்ளைக்குத்தான் முதல்ல ஞாபகம் வரணுமோ?” என்று கேட்டாள். மகன் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அந்த நான்கு நாள்களில்தான் நான் முதன்முறையாக பிராசஸர் என்றால் என்ன என்று முறையாகப் படித்தேன். பத்தாண்டுகள் அதைக்கொண்டு பிழைத்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். மாட்டுவண்டிக்காரர் எல்லாரும் மாட்டு வைத்தியரா, சொல்லுங்கள்!

எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க ஓர் எளிய வழி உண்டு. என் பாட்டனார் தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் தோணியில் கயிறு பிடித்தவர். 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் அவர் சொன்ன கதைகள் எங்கள் வீட்டில் நிற்கவில்லை. மூழ்குபவர் காலில் கல்லை மாட்டிக்கொண்டு அடியில் இறங்குவார். சிப்பியைக் கூடையில் அள்ளிக் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் தோணியில் மூச்சு வாங்குவார். கல் சும்மா கிடப்பதில்லை.

பிராசஸரில் கோர் என்பது அந்தக் கல்லைப் போன்றது. ஏ.எம்.டி.யின் ரைசனில் ஒரு கோருக்கு இரண்டு பணி ஓடும். ஒன்று காத்திருக்கையில் மற்றொன்று வேலை செய்யும். அதனால்தான் 16 கோருக்கு 32 பணிகள் என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள். இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200 வரிசையில், 2024 அக்டோபர் முதல், இந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிட்டார்கள். ஒரு கல்லுக்கு ஒரே ஆள்தான். மாறாக, வலிமையான சிலரையும் சிக்கனமான பலரையும் ஒரே தோணியில் ஏற்றியிருக்கிறார்கள். கோர் அல்ட்ரா 7 265கே என்பதில் 8 வலியவர், 12 எளியவர், ஆக 20 பேர்.

இப்பொழுது கவனியுங்கள். கல்யாணப் படத்தைத் தொகுத்து முடித்து ஏற்றுவது என்பது சிப்பிப் பாரில் முந்நூறு பேர் மூழ்குவதைப் போன்றது. வேலையைப் பங்கு போடலாம். ஆள் கூடினால் நேரம் குறையும். விளையாட்டு அப்படியன்று. அங்கே ஒரு காட்சி முடிந்தால்தான் அடுத்த காட்சி. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது என்பதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிட வேண்டும். எனவே எத்தனை பேர் மூழ்குகிறார்கள் என்பதைவிட, முதல் சிலர் எவ்வளவு விரைவாக மூழ்கி எழுகிறார்கள் என்பதே முக்கியம். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு 8 நல்ல கோர்கள் போதும். அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் கரையில் உட்கார்ந்திருக்கும்.

விரைவு என்றால் கிகாஹெர்ட்ஸ்தானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மூழ்குபவர் எவ்வளவு விரைந்தாலும் கயிறு பிடிப்பவர் தாமதித்தால் பயனில்லை அல்லவா? அந்தக் கயிற்றுவேலை நினைவகத்தினுடையது. இதை இல்லத்தரசிகள் இன்னும் நன்றாக அறிவார்கள். அடுப்புக்கு மேலே கைக்கெட்டும் அஞ்சறைப்பெட்டி. பின்கட்டில் சாமான் அறை. அப்புறம் ஏரல் சந்தை. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்பது அஞ்சறைப்பெட்டி. ரேம் என்பது சாமான் அறை. ஹார்டு டிஸ்க் சந்தை. ஒவ்வொரு முறையும் சீரகத்துக்குச் சாமான் அறைக்கு ஓடினால் குழம்பு எப்பொழுது கொதிக்கும்?

ஏ.எம்.டி. செய்த கெட்டிக்காரத்தனம் அஞ்சறைப்பெட்டியைப் பெரிதாக்கியதுதான். 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில், சில்லின்மேல் இன்னொரு சில்லை அடுக்கி, கேஷை 96 மெகாபைட்டாக உயர்த்தினார்கள். 3டி என்ற குறிப்பின் பொருள் இதுவே. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் அந்த அடுக்கைக் கோர்களுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்கள். கோரின் சூடு தடையின்றி மேலே போகிறது. 8 கோர், 479 டாலர். விளையாட்டுக்கென்றே ஒருவர் வாங்குவதானால் அவ்வாண்டில் அதற்கு நிகர் வேறில்லை என்பதை எந்தக் கட்சிக்காரரும் மறுக்கவில்லை.

அப்படியானால் என் மகன் கேட்ட 9950எக்ஸ்3டி? அது இரண்டு பாதிகளாக அமைந்தது. ஒரு பாதிக்கு மட்டுமே அந்தப் பெரிய அஞ்சறைப்பெட்டி. விளையாடும்போது மற்றப் பாதியை உறங்கவைத்துவிட்டுத்தான் அது நன்றாக ஓடும். தொழில் நேரத்தில் இரண்டு பாதியும் எழும். அருமையான பொருள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளையாட்டில் 8 கோர்த் தம்பியைவிட அது பெரிதாக முந்துவதில்லை என்பதை அளந்து பார்த்தவர்கள் எழுதியிருந்தார்கள்.

(இந்தப் பெயர்களைச் சூட்டியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போதாவது வீட்டுப் பெரியவர்களைக் கலந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆயினும் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே படம் காட்டும் பகுதி இல்லை என்று பொருள். கொஞ்சம் மலிவாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.)

அடுத்தது சூடு. வெளிநாட்டார் எழுதும் ஒப்பீடுகளில் சோதனை அறையின் வெப்பம் 22, 24 டிகிரி என்றிருக்கும். எங்கள் ஊரில் வைகாசி மாதத்துப் பிற்பகலில் என் வேலை அறை 36 டிகிரி. மின்விசிறி அங்குள்ள காற்றைத்தானே அள்ளிப் போட முடியும்? அங்கே 80 டிகிரியில் ஓடும் சில்லு இங்கே 92-ஐத் தொடும். எல்லை தாண்டினால் சில்லு தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். ஆக, உச்ச வேகத்துக்குக் கொடுத்த பணம் சித்திரை, வைகாசியில் வேலை செய்யாது. அந்த மாதங்களில்தான் கல்யாணங்கள். 2023-ல் வந்த இன்டெல் ஐ9 14900கே, 24 கோரும் 6 கிகாஹெர்ட்ஸும் கொண்டது, முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். 9800எக்ஸ்3டி-யின் மதிப்பீடு 120 வாட். எங்கள் இன்வெர்ட்டரின் நிலையை நினைத்துப் பார்த்தேன். ஆடிக் காற்றில் அறைக்குள் வந்து படியும் செம்மண் தூசியையும் நினைத்தேன்.

உச்சியிலிருப்பதற்கு ஆபத்தும் உண்டு. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்கள் பலருக்கு விளையாட்டின் நடுவே நின்றுபோயின. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைச் சில்லு கேட்டு வாங்கிக்கொண்டதே காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது; ஆகஸ்டு மாதம் திருத்தம் வெளியிட்டது; உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டுகள் நீட்டியது. எனினும் முன்பே கெட்டுப்போனதைத் திருத்தம் சரிசெய்யாது. மறுபக்கமும் மாசற்றதன்று. 2023 வசந்தகாலத்தில் ஏ.எம்.டி.யின் 7000எக்ஸ்3டி சில்லுகள் சில மதர்போர்டுகளில் மின்னழுத்தம் மிகுந்து கருகின. அதன்பின் அந்த அழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தினார்கள். ஆகவே, இந்த நிறுவனம் நல்லது, அந்த நிறுவனம் கெட்டது என்று வழக்குப் பேசுவதில் பொருளில்லை. வந்து ஆறு மாதமாவது ஆனதை வாங்குங்கள். மதர்போர்டின் பயாஸை முதல் நாளே புதுப்பியுங்கள்.

இவ்வளவையும் படித்தபின் ஐந்தாம் நாள் இரவு மகனைத் திண்ணைக்கு அழைத்தேன். பிராசஸரைப் பற்றிப் பேசவில்லை. 2019-ல் நடந்த ஒன்றைச் சொன்னேன். அவனுக்கு அப்போது 14 வயது, முழுவதும் தெரியாது.

அடுத்த தெருவில் ஒரு குடும்பம். மூத்த மகளின் திருமணம். இரண்டு நாள் நிகழ்ச்சியை நான்தான் படமெடுத்தேன். அட்டைகளிலிருந்து கணிப்பொறிக்கு மாற்றிவிட்டு, மறுநாள் வேறொரு கல்யாணம் இருந்ததால் அட்டைகளை அழித்துவிட்டேன். அன்றிரவு இடி மழை. படம் ஏறிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. காலையில் ஹார்டு டிஸ்க் ஓசையெழுப்பியதேயன்றித் திறக்கவில்லை. இரண்டாம் பிரதி என்னிடம் இல்லை. யு.பி.எஸ்.ஸும் இல்லை. 2015-ல் கடைக்காரர் ஐ5 போதும் என்றபோது நான்தான் ஐ7 வேண்டும் என்று நின்று, யு.பி.எஸ்.ஸையும் கூடுதல் டிஸ்க்கையும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டவன். அந்த ‘அப்புறம்’ நான்கு ஆண்டுகளாக வரவில்லை.

தூத்துக்குடியில் காட்டினேன், மதுரைக்கும் அனுப்பினேன். ஒன்றும் மீளவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெண்ணின் தந்தை, “பரவாயில்ல பாய், போட்டோ இருக்குல்ல” என்று சொல்லி வாங்கிக்கொண்டார். எட்டு மாதத்தில் அவர் மாரடைப்பால் காலமானார். நாற்பதாம் நாள் அந்தப் பெண் வந்து, ஒரு நிமிடமாவது அப்பா நடந்துவருகிற மாதிரி, பேசுகிற மாதிரி எதிலாவது இருக்கிறதா அண்ணே என்று கேட்டாள். ஆலயவாசலில் அவர் மகளின் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுவந்ததை இதே கைகளால் எடுத்திருந்தேன். இல்லையம்மா என்று சொன்னேன்.

மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்த பட்டியலை எடுத்து, “நீங்களும் சென்னைக்கு வாங்க வாப்பா. பார்த்தே முடிவு பண்ணுவோம்” என்றான்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறுவாரம் முத்துநகர் விரைவு வண்டியில் புறப்பட்டு, காலையில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலையை ஒட்டிய அந்தக் குறுகிய தெருவை அறியாத கணிப்பொறிக்காரர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. நாலைந்து கடைகள் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் நரைத்த தாடியுடன் ஒரு பெரியவர். மகனின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். விலை சொல்வார் என்று பார்த்தால், “தம்பி, வீட்டுல என்ன மானிட்டர்? எத்தனை ஹெர்ட்ஸ்?” என்று கேட்டார்.

“அறுபது.”

பெரியவர் பட்டியலைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். 60 ஹெர்ட்ஸ் திரை வினாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். பிராசஸர் 200 படம் தயாரித்துக் கொடுத்தாலும் உன் கண்ணுக்கு வருவது 60-தான். கைக்கும் திரைக்கும் உள்ள தாமதம் கொஞ்சம் குறையுமே என்றான் மகன். குறையும், உண்மைதான் என்று பெரியவரும் ஒப்புக்கொண்டார். “ஆனா அதுக்கு இத்தனை ஆயிரமா? உன்கிட்ட இருக்கற கிராபிக்ஸ் கார்டு என்ன?” ஆர்.டி.எக்ஸ். 3060, நான் தொழிலுக்காக 2022-ல் வாங்கியது. அப்படியானால் உன் விளையாட்டை இழுத்துப் பிடிப்பது கார்டுதான், பிராசஸர் அல்ல என்றார். திரையின் நுணுக்கம் கூடக்கூடச் சுமை கார்டின்மேல் விழும் என்பதையும் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பி, “பாய், நீங்க எடுக்கற ஃபைல் ஏதாவது கையில இருக்கா?” என்றார். நல்லவேளையாக ஓர் அட்டை வைத்திருந்தேன். என் புதிய காமிரா 10 பிட், 4:2:2 என்னும் முறையில், எச்.265 வடிவில் பதிவு செய்கிறது. வண்ணம் அதிகம் தங்கும்; ஆனால் கோப்பைப் பிரித்துப் படிப்பது கடினம். அதற்கெனத் தனிச் சுற்று இருந்தால்தான் திக்காமல் ஓடும். என் 3060-இல் அச்சுற்று இல்லை; ரைசனுக்குள் இருக்கும் சிறு படப்பகுதியிலும் இல்லை. 2025-ல் வந்த 50 வரிசைக் கார்டுகளில் உண்டு. அதை வாங்க எங்களிடம் பணமில்லை. இன்டெல்லில் 11-ஆம் தலைமுறை முதலே, உள்ளிருக்கும் படப்பகுதியில் ‘குவிக் சிங்க்’ என்ற பெயரில் அந்தச் சுற்று இருக்கிறது. ‘எஃப்’ என்று முடிவதை எடுக்காதீர்கள் என்று முன்னே சொன்னேனே, அந்தப் பகுதியை நீக்கி விற்பதுதான் ‘எஃப்’.

கடையில் ஓடிக்கொண்டிருந்த 265கே கணிப்பொறியில் அட்டையைச் செருகினார். என் வீட்டில் படம் படமாகத் திக்கி நகரும் காட்சி, தண்ணீர் போல ஓடிற்று. பின்னோக்கி இழுத்தார், ஓடிற்று. மகன் என்னைப் பார்த்தான். நான் எட்டு மாதமாக அந்தத் திக்கலோடு மல்லுக்கட்டியதை அவன் பக்கத்து அறையில் இருந்து அறிவான்.

அந்தப் பிராசஸர் வெளிவந்த புதிதில் விளையாட்டில் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை என்று பலரும் குறை கூறினர். முந்தைய 14900கே-யே சில விளையாட்டுகளில் முந்திற்று. அதனாலோ என்னவோ 394 டாலராக இருந்த அதன் விலையை 2025 மே மாதத்தில் 299 டாலராகக் குறைத்தார்கள். நம் நாட்டில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் பிறவும் சேரும் என்றாலும், பட்டியலின் தலைப்பில் இருந்ததற்கும் இதற்கும் இடையே பாதிக்கு மேல் வித்தியாசம். மகன் ஒரு மறுப்பும் சொன்னான், அது நியாயமானது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 மதர்போர்டில் 2027 வரையிலாவது புதிய பிராசஸர்களைப் பொருத்த ஆதரவு தருவதாக வாக்களித்திருக்கிறார்கள். இன்டெல்லில் அந்த வசதியை நம்ப முடியாது. நான் பத்தாண்டுக்கு ஒருமுறை வாங்குபவன். எனக்கு அது பெரிதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுகிற வழக்கம் உள்ள வீட்டார் ஏ.எம்.5-ஐயே எடுக்கட்டும். தொகுப்பு வேலை இல்லாமல் படிப்பும் கணக்கும் விளையாட்டும் மட்டும் உள்ள வீட்டுக்கும் 9800எக்ஸ்3டி-யோ, அதைவிட எளிய 65 வாட் 9700எக்ஸோ பொருந்தும். அந்த இடத்தில் என் தேர்வை நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை.

பெட்டியோடு வருவதை மட்டுமே வாங்கினோம். அதற்குத்தான் நிறுவனத்தின் 3 ஆண்டு உத்தரவாதம். பெட்டியில்லாமல் சில நூறு ரூபாய் குறைத்துத் தருவதாகப் பக்கத்துக் கடையில் அழைத்தார்கள். பெரியவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நீர் ஓடும் குளிர்விப்பானை விட்டுவிட்டு இரண்டு விசிறி வைத்த காற்றுக் குளிர்விப்பானை எடுத்தோம். நீர் இறைக்கும் மோட்டார் நின்றுபோனால் சாயர்புரத்தில் யாரிடம் போவது? விசிறி நின்றால் என் மகனே மாற்றிவிடுவான். 64 கிகாபைட் ரேம் வாங்கினோம். அவ்வாண்டின் இறுதியில் ரேம் விலை கண்டபடி ஏறியதைப் பார்த்தவர்கள் எங்களைக் கெட்டிக்காரர்கள் என்றார்கள். கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை, தற்செயல்தான். மிச்சத்தில் ஒரு யு.பி.எஸ்.; 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு. எல்லாம் சேர்த்து 1,26,000.

வண்டியில் திரும்பும்போது மேல் பெர்த்தில் படுத்திருந்த மகன் கீழே எட்டிப்பார்த்து, “வாப்பா, அறுபத்திநாலாயிரம் மிச்சம். தங்கச்சி ஃபீஸ் போக ரெண்டாயிரம் இருக்கு. அவளுக்கு ஒரு நல்ல பேக் வாங்கிருவோமா?” என்று கேட்டான்.

வீட்டில் அவனே எல்லாவற்றையும் பூட்டினான். பயாஸைப் புதுப்பித்து, 250 வாட் வரை போகக்கூடிய பிராசஸரை 125 வாட்டுக்குள் கட்டினான். படம் ஏறும் நேரம் சற்றுக் கூடியது. அறையின் சூடும் விசிறியின் இரைச்சலும் நன்றாகக் குறைந்தன. இப்பொழுது அஸருக்குப் பின் ஏற்றினால் மஃரிபு பாங்குக்குள் முடிந்துவிடுகிறது. இரவுகளில் நான் உறங்குகிறேன். அவன் விளையாடுகிறான், அதே 60 ஹெர்ட்ஸ் திரையில். சேர்த்து வைத்து 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறான். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்கு முன், கேபினெட்டைத் திறந்து செம்மண் தூசியைத் தூரிகையால் தட்டிவிடுவதும் அவன் பொறுப்பு. மகள் தினமும் காலை பேருந்தில் தூத்துக்குடிக்குப் போய்வருகிறாள்.

ஆவணி மாதத்தில் அடுத்த தெருவுக் குடும்பத்திலிருந்து ஆள் வந்தது. இரண்டாவது பெண்ணுக்குத் திருமணம். வேறு யாரையாவது பார்ப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மூத்த பெண்ணே வந்து, “நீங்கதான் எடுக்கணும் அண்ணே” என்றாள். எடுத்தேன். அன்றிரவே ஒரு டிஸ்க்கில் ஒரு பிரதி, மறு டிஸ்க்கில் ஒரு பிரதி. அட்டைகளை அழிக்கவில்லை. இரண்டாவது டிஸ்க்கை மகன் மறுநாள் காலை ஒரு துணிப்பையில் போட்டு, படம் முடிகிறவரை அவர்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.